அடிக்கணக்கு ஆட்சியில் ‘மீட்டர்’ ரயில் வந்தது எப்படி? உச்சிப்புளி வழியே ஓடிய ஒரு கதை

ராமேஸ்வரம் போகும் ரயில், ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே கடக்கும் ஊர் உச்சிப்புளி. 2007-ல் அகலப் பாதை வரும்வரை இங்கே ஓடியது மீட்டர் கேஜ் ரயில்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அடியிலும் மைலிலும் அளந்தவர்கள் பிரிட்டிஷார். தண்டவாளத்துக்கு மட்டும் பிரான்ஸில் பிறந்த மீட்டர் ஏன்?

1870-ல் எடுத்த முடிவு

இந்தியாவில் முதலில் பரவியது 5 அடி 6 அங்குல அகலப் பாதை. அதற்குச் செலவு அதிகம். அப்போதைய வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, குறுகலான பாதை போதும் என்று நினைத்தது. இந்தியா சீக்கிரமே மெட்ரிக் முறைக்கு மாறிவிடும் என்றும் நம்பியது. அதனால் 1 மீட்டர், அதாவது சுமார் 3 அடி 3⅜ அங்குலம் என்று முடிவானது.

1871-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டமும் வந்தது. ஆனால், 1872-ல் அந்தமானில் மேயோ கொல்லப்பட்டார். சட்டம் ஏட்டோடு நின்றுவிட்டது. தண்டவாளம் மட்டும் நீண்டுகொண்டே போய், 1902-ல் மண்டபத்தைத் தொட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். பாலத்தின் நீளம் 6,776 அடி. அதன் மேல் ஓடியது மீட்டர் பாதை!

கார்களிலும் இதே கூத்து

பிரிட்டனின் மோரிஸ் கார்களுக்கு 1919-ல் இன்ஜின் செய்ய வந்தது, கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனி. அதன் மெஷின்கள் மெட்ரிக். அதனால் போல்ட்டின் மரை மெட்ரிக் ஆனது. உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பானர் பொருந்த வேண்டுமே? தலையை மட்டும் அங்குலக் கணக்கில் செய்தார்கள். பின்னாளில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாடலிலிருந்து வந்ததுதான் நம்ம அம்பாசடர்.

ரயிலுக்கு ஸ்பானர் தந்திரம் செல்லாது

போல்ட்டில் சமாளிக்கலாம், தண்டவாளத்தில் முடியாது. அகலப் பாதைப் பெட்டி மீட்டர் பாதையில் ஏறாது. வட இந்தியாவிலிருந்து ராமேஸ்வரம் வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வழியில் ரயில் மாற வேண்டியிருந்தது. சரக்கையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

மேயோ எதிர்பார்த்த மெட்ரிக் முறை, 1956-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் நாட்டில் நிஜமாக நடைமுறைக்கு வந்தது. வேடிக்கை என்னன்னா, ‘மீட்டர்’ பாதையை எடுத்துவிட்டு உச்சிப்புளியில் இப்போது போட்டிருப்பது, அன்று 5 அடி 6 அங்குலம் என்று அளந்த அதே பாதை. ரயில்வே இன்று அதை 1,676 மில்லிமீட்டர் என்று எழுதுகிறது.

பழைய கலப்பு இன்னும் தீரவில்லை. உங்கள் கார் டயரைப் பாருங்கள்: அகலம் மில்லிமீட்டரில், ரிம் அங்குலத்தில்.