வண்டியை உயர்த்தினால் எது உயரும்?

பெர்த்தில் வாழும் என் அண்ணன், கற்சாலைகளுக்காகத் தம் மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைப்ரிட்டை உயர்த்தலாமா என்று கேட்டார். 2013இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி இது. முன்னும் பின்னும் தனித்தனி மின்மோட்டார். பேட்டரி தரைக்கு அடியில்.

நண்பர்களே, நீளமான ஸ்பிரிங் போட்டால் உடலும் அதோடு பிணைந்த மோட்டார்களும் மேலே போகும். சக்கரம் தரையில்தானே நிற்கும்! இடையிலுள்ள அச்சுத்தண்டு கூடுதலாகச் சரியும். அதன் மூட்டு பெரிய கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் மூட்டே போய்விடும். பேட்டரியின் எடையும் மேலேறுவதால் வளைவில் வண்டி அதிகம் சாயும். அதில் பிள்ளைகளும் அமர்ந்திருப்பார்கள்.

நானாக இருந்தால் 30 மில்லிமீட்டரைத் தாண்டமாட்டேன். அதற்கே சக்கரச் சீரமைப்பும் முகப்பு விளக்குச் சரிபார்ப்பும் வேண்டும். கல்லடிதான் கவலையென்றால், அடியில் தகடு பொருத்துவதே மேல் என்று அண்ணனுக்கு எழுதினேன்.