கோம்பை நாயும் கால்குலேட்டரும்

இந்த மலரில் சிமெண்டைப் பற்றி எழுதுவார்கள், சூரிய சக்தியைப் பற்றி எழுதுவார்கள், கவிதை எழுதுவார்கள். நான் நாய்த் தீனியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "சிவில் படிக்கிறவனுக்கு நாய்ச்சோறு எதுக்குடா?" என்றான் ரூம்மேட். படித்து முடித்த பிறகு அவனே சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது கோம்பை நாய். கோம்பை என்பது தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்தில் உள்ள ஊர். அந்த ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயராகிவிட்டது. செம்மண் நிறம், கருத்த மூஞ்சி, அகன்ற நெஞ்சு, தொட்டால் கல் மாதிரி தொடைச் சதை. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பழகிய ஜாதி. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை கிடைத்தது. எங்கள் கோம்பைக்கு அந்த வரிசையில் இடம் இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எங்கப்பா கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ராக்காவல் பார்க்கிறார். துணைக்கு ஒரு கோம்பைக் குட்டி வாங்கினோம். பெயர் கருப்பன். குட்டி விற்றவர் ஒரு யோசனை சொன்னார்: "சோறு போட்டா சோம்பேறி ஆயிடும். சதை ஏறணும்னா கறி மட்டும் போடுங்க." அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் பிராய்லர் கடையில் ஈரல், கல்லீரல், எலும்பில்லாத துண்டு என்று வாங்கி வந்து வேகவைத்துப் போட்டார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி சாப்பிடுகிற வீடு. குட்டிக்குத் தினமும் கறி.

நாலாம் மாதம் குட்டியின் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்தன. தூக்கினால் கத்தியது. அப்புறம் எழுந்திருக்கவே மறுத்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தீனி போடுறீங்க?" அப்பா பெருமையாக, "கறிதான் சார், வேற எதுவும் கிடையாது" என்றார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். நூறு கிராம் கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியமோ 10 மில்லிகிராம் அளவுதான். அதாவது ஒன்றுக்கு இருபது! நாய்க்கு வேண்டியது கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸும் ஏறக்குறைய ஒரு பங்கு. கால்சியம் இரண்டு பங்கு வரை போகலாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும். அதனால் உடம்பு என்ன செய்கிறது? பாராதைராய்டு சுரப்பி வேலை செய்து, எலும்பில் இருக்கிற கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. நம் பாஷையில் சொன்னால், கூரைக்குக் கம்பி பற்றவில்லை என்று தூணில் இருக்கிற கம்பியை உருவுவது மாதிரி. மேலே சதை ஏறிக்கொண்டே போகிறது, கீழே தூண் பலமிழந்துகொண்டே போகிறது. சதைப்பற்றான ஜாதி என்பதால் பாரமும் அதிகம். கால் வளையாமல் என்ன செய்யும்?

ஊசி போடுவார், மருந்து எழுதுவார் என்று நினைத்தோம். அவரோ வலிக்கு மட்டும் கொடுத்துவிட்டு, "குட்டிக்கான முழுச் சத்துத் தீனி ஒரு சாக்கு வாங்குங்க, ரெண்டு மாசம் ஓடவிடாம கட்டி வைங்க" என்றார். அன்று சாயங்காலமே நானும் அப்பாவும் தீனிக் கடைக்குப் போனோம்.

கடையில் அடுக்கடுக்காகச் சாக்குகள். ஒன்றில் பயில்வான் மாதிரி நாய்ப் படம். கடைக்காரர் அதையே எடுத்தார். "இது மசில்ஸுக்குன்னே வர்றது தம்பி." அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். "பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுடா" என்றார். சாக்கைத் திருப்பினேன். எனக்கும் பாதி புரியவில்லை என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. அன்று புரியாமல் போனதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இனி சொல்லப் போவது அதுதான்.

முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட்' என்ற சொல். அதாவது இதை மட்டும் போட்டாலே எல்லாச் சத்தும் கிடைக்கும் என்று பொருள். 'காம்ப்ளிமென்ட்டரி' என்று இருந்தால் அது துணைத்தீனி. சோறு இல்லாமல் ஊறுகாய் மட்டும் சாப்பிடுகிற கதை ஆகிவிடும். இரண்டு சொல்லும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் கஷ்டம். அடுத்து, யாருக்கு என்று பார்க்க வேண்டும். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா? அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற அமைப்பு வகுத்த அளவுகளைத்தான் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதன்படி ஈரத்தைக் கழித்த தீனியில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், குட்டிக்கு 22.5 சதவீதம். கொழுப்பு முறையே 5.5, 8.5. படத்தில் பயில்வான் நாய் இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை!

'ஈரத்தைக் கழித்த' என்றேனே, அங்கேதான் சிவில் மாணவனுக்குச் சந்தோஷம். கான்கிரீட் மிக்ஸ் போடும்போது மணலில் இருக்கிற ஈரத்தைக் கழித்துத்தானே எடை போடுகிறோம்? அதே வேலைதான். சாக்கில் புரதம் 24 சதவீதம், ஈரம் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 24-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 26.7 சதவீதம். பக்கத்தில் டின் தீனி. புரதம் வெறும் 8 சதவீதம்தான். ஆனால் ஈரம் 80. 8-ஐ 20-ஆல் வகுத்தால் 40 சதவீதம்! பார்த்தவுடன் சாக்குதான் பலம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தலைகீழ். அதற்காக டின்னையே வாங்கச் சொல்லவில்லை. நீருக்குக் காசு கொடுக்கிற வசதி எங்களுக்கு இல்லை.

சேர்மானப் பட்டியலிலும் இதே ஈர வேலை நடக்கிறது. தயாரிக்கும்முன் எடை அதிகமாக உள்ள பொருள் முதலில் வரும். 'கோழி' என்று முதலில் போட்டிருந்தால் அது பச்சைக் கறி. முக்கால் பங்குக்கு அருகில் தண்ணீர். 'கோழி மீல்' என்றால் உலர்த்தி அரைத்தது. மீல் என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தானியம் இருந்தாலும் பயம் வேண்டாம். 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருப்பது தெரிந்தது. சோறு போட்டால் சோம்பேறி என்பதெல்லாம் சும்மா.

இனி எவ்வளவு போடுவது? கால்குலேட்டரை எடுங்கள். நாயின் எடையை மூன்று தடவை பெருக்கி, ரூட் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, வருவதை 70-ஆல் பெருக்க வேண்டும். 22 கிலோ நாய்க்கு 22 × 22 × 22 = 10648. ரூட் 103.2. மறுபடி ரூட் 10.16. எழுபதால் பெருக்கினால் 711 கிலோ கலோரி. இது படுத்தே கிடந்தால் ஆகும் செலவு. வளர்ந்த, கருத்தடை செய்யாத நாய்க்கு இதை 1.8-ஆல் பெருக்கினால் 1280. நாலு மாதம் வரை குட்டிக்கு 3-ஆல், அதன்பின் வளர்ச்சி முடியும்வரை 2-ஆல். சாக்கில் கலோரி போடவில்லையா? புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். நான் பார்த்த சாக்கில் புரதம் 24, கொழுப்பு 10. ஈரம், நார், சாம்பல் எல்லாம் போக மாவுச்சத்து 43. கூட்டினால் நூறு கிராமுக்குச் சுமார் 320. ஆக, 22 கிலோ நாய்க்கு நாள் ஒன்றுக்கு 400 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. நெஞ்சு ஆழமான ஜாதிக்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தின்ற உடனே ஓடவும் விடக்கூடாது.

பில் போடும்போது கடைக்காரர் ஒரு கால்சியம் டானிக்கையும் மேலே வைத்தார். நல்லவேளை, டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். முழுச் சத்துத் தீனியின் மேல் கால்சியத்தைக் கொட்டினால் குட்டியின் குடல் வேண்டாததையும் உறிஞ்சிவிடும். வேண்டாம் என்று தள்ளுகிற பக்குவம் அந்த வயதில் இல்லை. கிரேட் டேன் குட்டிகளில் சோதித்துப் பார்த்தே கண்ட விஷயம் இது. குறைந்தாலும் கால் கோணல், கூடினாலும் கால் கோணல். டானிக்கைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

எல்லோராலும் சாக்கு வாங்க முடியுமா என்று கேட்பீர்கள். எங்களுக்கே மூன்று சாக்குக்கு மேல் முடியவில்லை. வளர்ந்த பிறகு வீட்டுச் சாப்பாடு போடலாம், ஆனால் கணக்கோடு. 1280 கலோரி தின்கிற நாய்க்குக் குறைந்தது 58 கிராம் புரதம் வேண்டும். அரைக் கிலோ சோற்றில் 650 கலோரி இருக்கிறது, புரதமோ 13 கிராம்தான். தயிர்சோறு மட்டும் போட்டால் சதை எப்படி நிற்கும்? அதோடு வெந்த கோழிக்கறி 200 கிராம், அவித்த முட்டை இரண்டு சேர்த்தால் 70 கிராமைத் தாண்டிவிடும். கால்சியத்துக்கு ஒரு முட்டை ஓட்டைக் கழுவி வறுத்து மாவாக அரைத்தால் சுமார் 2 கிராம் கிடைக்கும். ஒரு நாளைக்குப் போதும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் எல்லாம் இதில் சரியாக வராது. அதை டாக்டரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். குட்டிக்கு இந்த வீட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கருப்பனே சாட்சி.

போடவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, சாக்லேட், வெந்த எலும்பு. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கல்யாண வீட்டு மிச்ச பிரியாணி நாய்க்கு விருந்து அல்ல. இன்னொன்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது: திராட்சை! நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் சொல்கிறார்கள். பந்தலுக்கு அடியில் படுத்துக் காவல் காக்கிற நாய்க்கு அந்தப் பழமே விஷம்! உதிர்ந்த பழத்தை இப்போது அப்பா ராத்திரிக்கு முன்பே கூட்டி அள்ளிவிடுகிறார்.

சதைக்கு வருவோம். விப்பட் என்ற வேட்டை ஜாதியில் சில நாய்கள் பயில்வானாகவே பிறக்கும். மயோஸ்டேட்டின் என்ற மரபணு மாறிப்போவதால் என்று 2007-ல் கண்டார்கள். மற்ற நாய்களுக்குச் சதை வருவது ஓட்டத்தால். தீனி அதற்குச் செங்கல் கொடுக்கும், அவ்வளவே. மிச்சச் செங்கல் கொழுப்பாகும். 2002-ல் முடிவு வெளிவந்த ஒரு சோதனையில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்தே இரண்டு பிரிவாக வளர்த்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்ற பிரிவு ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தது. ஆகவே கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். விலாவில் கை வைத்தால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும்.

கருப்பனுக்கு இப்போது ஒன்றரை வயது, 21 கிலோ. இடது முன்னங்கால் கொஞ்சம் கோணல்தான், அது நேராகவில்லை. ஆனால் ஓடுகிறான். பால் பவுடர் டின் ஒன்றில் பெயின்ட்டால் கோடு போட்டு, ஒரு வேளைக்கு இதுதான் என்று அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் கோடு தவறுவதில்லை. ஆனால் போன மாதம் ஊருக்குப் போனபோது கருப்பன் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. "என்னப்பா?" என்றேன். தினமும் ராத்திரி தன் கேப்பைக்களியில் ஒரு உருண்டை அவனுக்கும் கொடுக்கிறாராம். "அவனும்தானடா முழிச்சுக் கிடக்கான்" என்றார். கேப்பையில் கால்சியம் நிறையத்தான் இருக்கிறது, நூறு கிராம் மாவில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை. டின்னை வாங்கி, கோட்டைச் சுரண்டிவிட்டு, ஒரு விரல் கீழே புதுக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.