இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம்: ஒரு பெயரடையின் பயணம்

எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே மரத்துக்கு மூன்று பெயர். வீட்டில் வேம்பு, பக்கத்து வீட்டு மலையாளத்தில் ஆரியவேப்பு, பாடநூலில் அசாடிராக்டா இண்டிகா. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறையானாலும், இடுக்கியின் தேவிகுளம், மறையூரானாலும் இதே கதைதான். மூன்றாவது பெயரைப் பிள்ளைகள் உருப்போட்டு ஒப்பிக்கிறார்கள். "மாமரம் இண்டிகா, எள்ளு மட்டும் ஏன் இண்டிகம்? அச்சுப்பிழையா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பிழையில்லை, இலக்கணம். அதைத் திறக்கும் சாவி நம் தமிழிலேயே இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. நம் சிந்து நதியின் பெயர் பழம் பாரசீகத்தில் 'ஹிந்து' ஆயிற்று. சின்ன ஆசியக் கரையோரக் கிரேக்கர் பேச்சில் ஹகரம் கிடையாது. அவர்கள் 'இந்தோஸ்' என்றார்கள். அதிலிருந்து 'இந்தியாவைச் சேர்ந்த' என்னும் பொருளில் 'இந்திகோஸ்' என்ற பெயரடை பிறந்தது. ரோமானியர் அதைக் கடன் வாங்கி, கிரேக்க ஈற்றைக் கழற்றிவிட்டுத் தம் லத்தீன் ஈற்றை மாட்டினார்கள்: இண்டிகஸ். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இணங்கவே வழங்கச் சொன்ன தொல்காப்பியர் வழியும் இதுதானே!

இனி இலக்கணம். நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று தமிழில் பெயரடை மாறுவதில்லை. லத்தீனில் மாறும். நம் நல்லவன், நல்லவள், நல்லது போல, ஆண்பாலுக்கு இண்டிகஸ், பெண்பாலுக்கு இண்டிகா, பொதுப்பாலுக்கு இண்டிகம். அங்கே செடிகொடிக்கும் பால் உண்டு. அதனால்தான் மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா. எள் செசாமம் இண்டிகம்.

நம்ம நன்னாரியைப் பாருங்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் பெரிப்ளோகா இண்டிகா. பின்னர் அது ஹெமிடெஸ்மஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்கு மாறியதும், ஈறும் கூடவே மாறி 'இண்டிகஸ்' ஆனது. ஆனால் புளியமரம் 'டாமரிண்டஸ் இண்டிகா'. 'அஸ்' என்று முடிந்தாலும் லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். அரபியில் 'தமர் ஹிந்தி' என்றால் இந்தியப் பேரீச்சை. ஆக, புளியின் பெயரிலே இந்தியா இரண்டு தடவை!

பாடநூல் பெயரைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்துவிடும். மலையாளப் பெயரைத் தெருவே கற்றுத்தரும். வேம்பும் நன்னாரியும் எள்ளும் பிள்ளைகள் வாயில் நிற்கணும்னா, அதைச் சொல்லித்தர வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை.