நீச்சல்குளம் நடன மேடையாகும்! போர்க்கப்பலாகப் பிறந்த சொகுசுக் கப்பல்

நீச்சல்குளத்தின் தண்ணீர் வடிகிறது. காளைச் சித்திரம் பதித்த மொசைக் தரை மெல்ல மேலே எழும்புகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் டான்ஸ்! 'கிறிஸ்டினா ஓ' சொகுசுக் கப்பலின் பிரபலமான வித்தை இது.

ஆனால், இந்த 99 மீட்டர் கப்பல் பிறந்தது போருக்காக. 1943-ல் கனடா கடற்படையின் 'ஸ்டோர்மாண்ட்' ஆகக் கடலில் இறங்கி, நார்மண்டி தரையிறக்கத்திலும் பங்கேற்றது. போருக்குப் பிறகு கிரேக்கக் கப்பல் முதலாளி அரிஸ்டாட்டில் ஒனாசிஸ் இதைப் பழைய இரும்பு விலைக்கு, 34,000 டாலருக்கு வாங்கினார். மாற்றியமைக்கச் செலவானதோ 40 லட்சம் டாலர்! மகள் கிறிஸ்டினாவின் பெயரையே சூட்டினார். சர்ச்சில்கூட இங்கே விருந்தாளி.

1975-ல் ஒனாசிஸ் மறைந்தபின் கிரேக்க அரசிடம் போன கப்பல், கவனிப்பாரின்றித் துருப்பிடித்தது. 2001-ல் புதுப்பித்து முடித்தார்கள். அதன்பின் வாடகைக்கும் விடப்பட்டது. விருந்தினர் அறைகளுக்குக் கிரேக்கத் தீவுகளின் பெயர்கள்.

இதுபோன்ற கப்பல்களில் குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். கரண்டுக்கு ஜெனரேட்டர். ஆட்டத்தைக் குறைக்க, அடியில் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கோ பெரும்பாலும் கீழ்த்தளத்தில் அடுக்குக் கட்டில் போட்ட குட்டி அறைகள்தான்.

கேன்ஸ் விருது வென்ற 'ட்ரையாங்கிள் ஆஃப் சேட்னஸ்' (2022) படத்தின் கப்பல் காட்சிகளில் வருவது இதே கப்பல். புயலில் கழிவறைகள் பொங்கிவழிய, பணக்காரர்கள் அதிலேயே வழுக்கிவிழுவார்கள். கப்பல் மூழ்கித் தீவில் ஒதுங்கியதும் தலைவியாவது, கழிவறை சுத்தம் செய்த பெண். மீன் பிடிக்கத் தெரிந்தவர் அவர் மட்டும்தான்!