வீட்டு வளவில் முட்டைக் கோழிகள்: ஆறு பேடுகளுடன் தொடங்குதல்

வீட்டு வளவிலே முட்டைக் கோழி வளர்க்க விரும்புவோர் பலர், கோழிகளை வாங்கிய பின்னரே கூட்டையும் தீனையும் பற்றிச் சிந்திக்கின்றனர். இது முறையன்று. மாதந்தோறும் எவ்வளவு தீன் வாங்க இயலும் என்பதை முதலிற் கணக்கிட்டு, அதற்கேற்பவே கோழிகளின் தொகையைத் தீர்மானித்தல் வேண்டும்.

முட்டையிடும் பேடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 115 கிராம் தீன் உண்ணும். ஆறு பேடுகளுக்கு மாதமொன்றுக்கு 21 கிலோ வரை தேவைப்படும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே தீன் விலை பெரிதும் உயர்ந்தபோது, சிறு வளர்ப்பாளர் பலர் இத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. ஆகவே சிறிதாகத் தொடங்குதல் நன்று. நன்கு பராமரிக்கப்படும் ஆறு கலப்பினப் பேடுகள் நாளொன்றுக்கு நாலைந்து முட்டைகள் தரும். ஒரு குடும்பத்துக்கு இது போதுமானது.

கூடு

ஆறு பேடுகளுக்கு ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள கூடு போதும். நீரேறாத மேட்டு நிலத்தில், நீளப்பாடு கிழக்கு மேற்காக அமையுமாறு கட்டுக. ஓரடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே கம்பி வலை அடித்தல் வேண்டும். கூரைக்குக் கிடுகு போதுமானது. நிலத்தில் நாலங்குல உயரத்துக்கு உமி அல்லது மரத்தூள் பரப்பி, நனைந்த பகுதியை உடனே அகற்றுக. இருண்ட மூலையில் இரண்டு முட்டைப் பெட்டிகள் வைக்கலாம். கீரி, மரநாய் ஆகியன புகாதவாறு இரவில் கதவைப் பூட்டுதல் அவசியம்.

பேடுகளைத் தெரிதல்

பதினாறு வாரம் நிறைந்த, தடுப்பூசி ஏற்றப்பெற்ற இளம்பேடுகளை வாங்குவது தொடக்கக்காரருக்கு எளிது. இவை ஏறக்குறைய இருபதாம் வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். குஞ்சு பொரிக்க விரும்பினாலன்றிச் சேவல் தேவையில்லை. சேவல் இன்றியும் பேடுகள் முட்டையிடும்.

தீனும் நீரும்

முட்டையிடத் தொடங்கும் வரை வளர்கோழித் தீனையும், அதன் பின்னர் முட்டைக்கோழித் தீனையும் கொடுக்க. கீரையும் சமையல் மிச்சமும் துணைத்தீனேயன்றி முழுத்தீன் ஆகா. அவற்றை மட்டும் நம்பினால் முட்டை விரைவிற் குறைந்துவிடும். முட்டையோடு மெலிந்தாற் சிப்பித் தூளைத் தனிப் பாத்திரத்தில் வைக்க. பூஞ்சணம் பிடித்த தேங்காய்ப் பிண்ணாக்கு கோழிகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையது. அதனை ஒருபோதும் கொடுத்தலாகாது. தூய நீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் வேண்டும். வெயிற் காலத்தில் ஒரு பொழுது நீர் இல்லாவிடினும் முட்டை குறையும்.

நோய்த் தடுப்பு

இராணிக்கெட் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியே காவல். பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியன காணப்படின், நோயுற்ற கோழியை உடனே பிரித்து, அண்மையிலுள்ள அரச மிருக வைத்தியருக்கு அறிவிக்க. இறந்த கோழியைத் தெருவிலோ வாய்க்காலிலோ எறியாது, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தல் வேண்டும்.

கணக்கு

வாங்கிய தீனையும் பெற்ற முட்டைகளையும் நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வருக. முட்டை திடீரெனக் குறையுமாயின், நீர், தீன், நோய், இறகுதிர்ப்பு என்பவற்றை முறையே ஆராய்க. ஆறு பேடுகளின் கணக்கு ஓராண்டு முழுவதும் மிச்சங் காட்டிய பின்னரே தொகையைப் பன்னிரண்டாக்குதல் தகும்.