சைக்கிள் வீரரின் சிறுநீர் எங்கே போகிறது?

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் கேளம்பாக்கம் சாலைக்குத் திரும்பினால் மேலக்கோட்டையூர் வரும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, சைக்கிள் பந்தயங்களுக்கு அந்த வளாகத்துத் தடம்தான் களம். ஓட்டியவர்கள் பதினெட்டு வயதைத் தாண்டாதவர்கள். ஊக்கமருந்து என்றதும் நமக்குச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஞாபகம்தான் வருகிறது. ஆனால் அதே விதிகள்தான் இந்தப் பிள்ளைகளுக்கும்.

சோதனை நடக்கும் விதத்தை முதலில் பார்ப்போம். தேர்வான வீரரிடம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் ஆள் வந்து தகவல் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து அவர் கண்ணில் படாமல் வீரர் எங்கும் போக முடியாது. பரிசளிப்பு மேடைக்கும் பின்னாலேயே வருவார். சிறுநீர் கொடுக்கும்போது சட்டையை மார்பு வரை தூக்கி, கால்சட்டையை முட்டிக்குக் கீழே இறக்க வேண்டும். எதிரில் அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்பார். வேறொருவரின் சிறுநீரை ஒளித்து வந்து ஊற்றியவர்களால் வந்த வினை இது. குறைந்தது 90 மில்லி வேண்டும். வெயிலில் ஓட்டிவிட்டு வந்தவருக்கு அது லேசில் வராது, மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். குப்பிப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும், ஏ, பி என்ற இரண்டு குப்பிகளில் ஊற்றி மூடுவதும் வீரரின் கைதான். கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகளைப் படிவத்தில் எழுத வேண்டும். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டும் போகும்.

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இந்தியாவில் ஒன்றே ஒன்று, டெல்லியில். 2019 ஆகஸ்டில் வாடா அதையும் இடைநிறுத்திவிட்டது. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில். அதுவரை நம் வீரர்களின் குப்பிகள் வெளிநாட்டுக்குப் பறந்தன.

சைக்கிள் பந்தயத்தின் பேரைக் கெடுத்ததில் முதலிடம் எரித்ரோபொய்ட்டினுக்கு, சுருக்கமாக இ.பி.ஓ. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தசோகை வராமலிருக்கப் போடுகிறார்களே, அதே ஊசி. சிவப்பணு கூடும், தசைக்கு ஆக்சிஜன் கூடும், மலை ஏறும்போது கால் சீக்கிரம் சோராது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 வரை நடைமுறைக்கு வரவில்லை. சர்வதேச சைக்கிள் சங்கம் 1997-ல் ஒரு வரம்பு வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் ஓட்டக் கூடாது. ஊசி போடுகிறவர்களுக்கு அதுவே இலக்காகிவிட்டது.

பெரிய ஊழல்களை வெளியே கொண்டுவந்தது ஆய்வகம் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1998-ல் ஃபெஸ்டினா சைக்கிள் அணி மாட்டியதற்குக் காரணம், மருந்தோடு வந்த அணியின் காரை எல்லையில் சுங்க அதிகாரிகள் மடக்கியது. ஆம்ஸ்ட்ராங்கை 2012-ல் வீழ்த்தியவை 26 பேரின் வாக்குமூலங்கள்; அவர்களில் 11 பேர் அவரோடு ஒரே அணியில் ஓட்டியவர்கள். ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் போயின. 2007 டூர் டி பிரான்ஸில் மஞ்சள் சட்டையோடு முன்னணியில் இருந்த மைக்கேல் ராஸ்முசனை அவருடைய அணியே விலக்கிக்கொண்டது. எங்கே பயிற்சி செய்கிறார் என்பது பற்றி அவர் பொய் சொல்லியிருந்தார்.

ராஸ்முசன் விஷயம் நமக்கும் பொருந்தும். சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்கு எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால், ஊக்கமருந்தே எடுக்காவிட்டாலும் தண்டனை உண்டு. சேலையூரிலோ செம்பாக்கத்திலோ பழைய எண், புது எண், இரண்டாவது குறுக்குத் தெரு என்று முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதிகாரியால் கண்டுபிடிக்க முடியாத அரைகுறை முகவரியும் வீரரின் தவறாகவே எண்ணப்படும்.

2008-லிருந்து சைக்கிள் பந்தயத்தில் இன்னொரு கண்காணிப்பும் சேர்ந்தது. ஒருவருடைய ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, அவருடைய உடம்புக்கு ஒவ்வாத ஏற்ற இறக்கம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மருந்தே தென்படாவிட்டாலும் அந்த ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாட்டுக் கதை இவ்வளவு நுணுக்கமானதல்ல. 2022-ல் இந்தியாவில் 3,865 மாதிரிகளைச் சோதித்ததில் 125 சிக்கின. இரண்டாயிரத்துக்கு மேல் சோதிக்கும் நாடுகளில் அதுவே அதிக விகிதம். சிக்குகிறவை பெரும்பாலும் பழைய ஸ்டீராய்டுகள். திருச்சிப் பக்கத்து கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நான்ட்ரோலோன் தென்பட்டதால் பதக்கமும் போய் நான்காண்டுத் தடையும் வந்தது. தடை செய்யப்பட்ட எதையும் எடுத்ததில்லை என்றே அவர் சொன்னார். ஆனால் உடம்புக்குள் இருந்ததற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. எப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். கடுமையான விதிதான், ஆனால் இதைத் தளர்த்தினால் எல்லோருமே தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே வண்டலூர் சாலையில் விடிகாலையில் மிதிக்கும் பிள்ளைக்கு வரும் ஆபத்து ஜிம்மில் கைமாறும் டப்பாவிலும், ரத்த அழுத்தம் இறங்கும்போது மயக்க மருத்துவர்கள் போடும் மெஃபென்டெர்மின் ஊசியிலும்தான் இருக்கிறது. அந்த ஊசியும் தடைப் பட்டியலில் உள்ளது. முட்டிவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் கூடாது. உண்மையிலேயே நோய் இருந்தால் மருத்துவர் சீட்டோடு முன் அனுமதி கேட்கலாம். மாத்திரையின் பெயரைப் போட்டுப் பார்க்க நாடாவின் செயலி உண்டு. புரதப் பொடிக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

சிக்கியவர் பதினாறு வயதுக்குட்பட்டவர் என்றால் விசாரணை அவரோடு நிற்காது. அவருடைய பயிற்சியாளரையும் கூட இருந்தவர்களையும் முகமை தானாகவே விசாரித்தாக வேண்டும். பெற்றோர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.