சர்ட்டிஃபிகேட் இருக்கு... சரக்கு இருக்கா?

உங்க போன்ல எத்தனை ஆன்லைன் கோர்ஸ் பாதியில நிக்குது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க! ஒண்ணு... ரெண்டு... அஞ்சு? கூச்சப்படாதீங்க. உலகம் பூரா உங்களுக்குக் கூட்டாளிகள் இருக்காங்க. ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் நடத்தின ஆன்லைன் கோர்ஸ்களை அலசி, 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2017-18-ல் அந்தக் கோர்ஸ்களில் பேர் கொடுத்தவங்கள்ல முடிச்சவங்க எவ்வளவு தெரியுமா? வெறும் 3.13 சதவிகிதம். நூத்துக்கு மூணு பேர்! மிச்சம் 97 பேரும் நம்ம கட்சிதான்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கு. காசு கட்டி, 'சர்ட்டிஃபிகேட் வாங்கியே தீருவேன்'னு உட்கார்ந்தவங்கள்ல 46 சதவிகிதம் பேர் முடிச்சிருக்காங்க. காசு மந்திரம் போட்டுடலை. எதுக்குப் படிக்கிறோம்னு தெரிஞ்சு வந்தவங்கதான் காசு கட்டியிருக்காங்க. மேட்டரே அங்கதான் இருக்கு!

நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் படிக்கிற பசங்களுக்கு இது சும்மா பொழுதுபோக்கு இல்லை. ஃபைனல் இயர் வந்தா ரெஸ்யூம்ல எட்டு சர்ட்டிஃபிகேட் வரிசையா நிக்கும். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டு, "இதை வெச்சு என்னப்பா செஞ்சே?"னு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அங்க முழிச்சா எட்டும் வேஸ்ட்.

அதனால, வேலைக்கான பயிற்சின்னு வரும்போது எந்த சைட் எதுக்கு உதவும்னு பிரிச்சு மேஞ்சிடுவோம். முடிவை முதல்லயே சொல்லிடறேன். 'எது பெஸ்ட்?'னு கேட்டா பதில் கிடைக்காது. 'கடைசியில என்னை யார் சோதிக்கிறாங்க?'னு கேளுங்க. பதில் தானா வரும்.

ஒரே ஏரியா... மூணு உலகம்!

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்தது. தொழில் பழகுநர் சட்டம் வந்ததும் அதே 1961-லதான். ஆக, 'வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கோ' என்பது நம்ம ஊருக்குப் புதுசில்லை. அறுபதுகளில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர யூனிட்கள். லேத், பிரஸ், மோல்டிங்னு சத்தம் ஓயாத இடம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலயே கண்ணாடி மாளிகை மாதிரி ஐ.டி. பார்க். பூந்தமல்லி தாண்டினா திருமழிசை சிட்கோ, அதுக்கப்புறம் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகள்.

மெஷினை ஓட்டுற ஐ.டி.ஐ. தம்பி, தரம் பார்க்கிற டிப்ளமோ அண்ணன், கோடு எழுதுற பி.இ. அக்கா... மூணு பேரும் பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல ஒரே ட்ரெயின்ல இறங்கலாம். ஆனா மூணு பேருக்கும் ஒரே ஆன்லைன் கோர்ஸ் செட் ஆகுமா? ஆகவே ஆகாது.

பரீட்சை வைக்கிற வாத்தியார்!

முதல்ல நம்ம வீட்டுப் பிள்ளை என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி-யும் சேர்ந்து 2003-ல் ஆரம்பிச்சது. 2014-லிருந்து சர்ட்டிஃபிகேட் கோர்ஸ்கள் வருது. இப்போ 'ஸ்வயம்' தளம் வழியா ஜனவரியிலும் ஜூலையிலும் கோர்ஸ்கள் தொடங்கும். படிக்கக் காசு கிடையாது. பரீட்சை எழுதினால்தான் கட்டணம். 2025-ல் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய்.

இதோட பலம் என்னன்னா, நீங்க நேரில் போய், அடையாள அட்டை காட்டி, கண்காணிப்பாளர் முன்னாடி உட்கார்ந்து பரீட்சை எழுதணும். அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. அசைன்மென்ட்ல குறைஞ்சது 10, பரீட்சையில குறைஞ்சது 30 எடுத்தாத்தான் பாஸ். 60-க்கு மேல போனா 'எலைட்', 90-ஐத் தொட்டா தங்கம்! அதனால இந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு ஒரு கெத்து உண்டு. கிரெடிட் மாற்றமும் உண்டு. ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஸ்வயம் வழியாப் படிக்கலாம்னு 2021-ல் யு.ஜி.சி. விதி வந்தது. உங்க யுனிவர்சிட்டி எவ்வளவு அனுமதிக்குதுன்னு டிபார்ட்மென்ட்ல கேட்டுக்கோங்க.

பலவீனமும் சொல்லணும்ல? பல பாடங்கள் அடிப்படைத் தியரி. 'நாளைக்கே வேலையில இந்த சாஃப்ட்வேரைத் திறந்து வேலை பார்க்கணும்'னா இது மட்டும் போதாது.

வருஷம் பூரா ஆடித் தள்ளுபடி!

2010-ல் வந்த யுடெமி, ஒரு பெரிய சந்தை. யார் வேணும்னாலும் கடை விரிக்கலாம். ஆயிரக்கணக்கில் விலை போட்டிருப்பாங்க, அடுத்த வாரமே சில நூறு ரூபாய்க்கு ஆஃபர் வரும். முழு விலை கொடுத்து வாங்கறது, ஆடி மாசத்துக்கு முந்தின வாரம் தி.நகர்ல புடவை எடுக்கிற மாதிரி!

ஒரு குறிப்பிட்ட டூல் கத்துக்கணும், வார இறுதிக்குள்ள கத்துக்கணும்னா யுடெமி செம. ஆட்டோகேட்ல ஒரு விஷயம், எக்செல்ல ஒரு விஷயம்னா கரெக்டா அதை மட்டும் எடுத்துக்கலாம். ஆனா வீடியோ எல்லாம் ஓடி முடிஞ்சாலே சர்ட்டிஃபிகேட் வந்துடும். உங்களை யாரும் சோதிக்கலை. அதை ரெஸ்யூம்ல முதல் வரியில போடாதீங்க. கத்துக்கிட்டு செஞ்ச டிராயிங்கை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

மாசச் சந்தா மகாராஜாக்கள்!

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ எங், டாஃப்னி கோலர் இருவரும் 2012-ல் ஆரம்பிச்சது கோர்செரா. வெளிநாட்டு யுனிவர்சிட்டிகளோடு கூகுள், ஐ.பி.எம். மாதிரி கம்பெனிகளும் இங்கே பாடம் நடத்துறாங்க. வாராவாரம் குவிஸ் உண்டு. சில கோர்ஸ்ல உங்க அசைன்மென்ட்டை உங்களை மாதிரியே படிக்கிற இன்னொருத்தர் திருத்துவார். பாடம் ஒழுங்கா, வரிசையா இருக்கும். டேட்டா அனலிடிக்ஸ், ஐ.டி. சப்போர்ட்னு ஒரு வேலையைக் குறி வெச்சுப் படிக்க நல்ல இடம். ஆனா பல கோர்ஸ்களுக்கு மாசச் சந்தா. மூணு மாசத்தில் முடிக்க வேண்டியதை ஒன்பது மாசம் இழுத்தா காசு மூணு மடங்கு, அவ்வளவுதான்!

லிங்க்டுஇன் லேர்னிங் இன்னொரு ரகம். 1995-ல் தொடங்கிய லிண்டா.காம் என்ற நிறுவனத்தை 2015-ல் 150 கோடி டாலருக்கு லிங்க்டுஇன் வாங்கினதுல வந்தது. சின்னச் சின்ன வீடியோ. மீட்டிங்ல எப்படிப் பேசணும், மெயில் எப்படி எழுதணும் மாதிரி விஷயங்களுக்கு ஓகே. பல கம்பெனிகளே ஊழியர்களுக்கு சந்தா கட்டித் தர்றாங்க. வேலையில சேர்ந்தபிறகு ஓசியில கிடைக்கலாம். இப்பவே ஏன் அவசரம்?

தமிழ்ல சொன்னா புரியும்ல!

நம்ம பேட்டையில முக்கியமான விஷயமே இதுதான். பதினைஞ்சு வருஷம் பிரஸ் மெஷின்ல நின்ன அண்ணனுக்கு அமெரிக்கன் இங்கிலீஷ்ல வீடியோ போட்டா என்ன ஆகும்? தூக்கம்தான் வரும்.

கிண்டியில இருக்கு 'நிமி' என்கிற தேசியப் பயிற்றுக் கருவிகள் நிறுவனம். ஜெர்மனி உதவியோட 1986-ல் தொடங்கியது. ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன்னு ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களைத் தயாரிக்கிறது இவங்கதான். தமிழிலும் உண்டு. மத்திய அரசோட 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்துல ஐ.டி.ஐ. பாடத்திட்டம், வீடியோ, கேள்வி வங்கி எல்லாம் இலவசம். பி.இ. மெக்கானிக்கல் பசங்களே, 'ஐ.டி.ஐ. புக்கா?'னு உதட்டைச் சுழிக்காதீங்க. ஒரு மெஷின்கிட்ட எப்படி நிக்கணும்னு அந்தப் புத்தகத்துலதான் இருக்கு.

கோடிங் பக்கம் போனா, ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் வளர்ந்த 'குவி' தமிழிலேயே சொல்லித் தருது. 'இன்ஃபோசிஸ் ஸ்பிரிங்போர்டு' இலவசம். 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்க காலேஜ் டைம்டேபிளுக்குள்ளேயே கம்பெனி கோர்ஸ்கள் வருது. அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உட்கார்ந்துட்டு, அதே விஷயத்தை வெளியில காசு கொடுத்துப் படிக்கிறது நியாயமா பாஸ்?

'நெக்ஸ்ட்' பட்டன் ராஜ்ஜியம்!

இதுவரைக்கும் நீங்களா தேடிப் போற சைட்கள். வேலையில சேர்ந்த முதல் வாரம் ஒண்ணு உங்களைத் தேடி வரும். அதுக்குப் பேர் எல்.எம்.எஸ். கம்பெனி யாருக்கு என்ன பாடம், எந்தத் தேதிக்குள்ளனு ஒதுக்கி, யார் முடிச்சாங்கன்னு கணக்கு வெக்கிற சாஃப்ட்வேர். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் 2002-ல் வெளியிட்ட 'மூடுல்' இதில் ரொம்பப் பிரபலம், அதுவும் இலவசம். சின்ன யூனிட்கூட ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து நடத்தலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு ஐடியா கிடைச்சுதா?

உள்ளே எப்படி வேலை செய்யுது? 'ஸ்கார்ம்'னு ஒரு பொது விதிமுறை இருக்கு. நம்ம ஆவடி டாங்க் மாதிரியே இதுவும் ராணுவச் சமாச்சாரம்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் பிறந்தது. 2001-ல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னும் பல இடங்களில் ஓடுது. நீங்க எந்த ஸ்லைடு வரை போனீங்க, எவ்வளவு நேரம் இருந்தீங்க, எத்தனை மார்க்... இவ்வளவும் அது குறிச்சு வெக்கும். ஆனா புரிஞ்சுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் பல பேர் டீ குடிச்சுக்கிட்டே 'நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்...'னு தட்டிட்டுப் போயிடறாங்க.

ஒண்ணு மட்டும் தட்டிட்டுப் போகாதீங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பற்றிய பாடம். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்கணும், மூணு மாசத்துக்குள்ள எழுத்தில் புகார் கொடுக்கணும்னு அதுலதான் சொல்லுவாங்க. அது கம்பெனிக்கான சடங்கு இல்லை. உங்களுக்கான கவசம். உங்க பக்கத்து சீட் தோழிக்கும்!

திரையில வராத பாடம்

சி.என்.சி-யை எடுத்துக்கோங்க. ஜி00-ன்னா வேகமா நகரும், ஜி01-ன்னா நேர்கோட்டில் வெட்டும், எம்03-ன்னா ஸ்பிண்டில் சுத்தும். இதெல்லாம் வீடியோவுல சூப்பரா கத்துக்கலாம். சிமுலேட்டர்ல புரோகிராம் ஓட்டிப் பார்க்கலாம். தப்பாப் போனாலும் டூல் உடையாது. இந்த இடத்துல ஆன்லைனை அடிச்சுக்க ஆளே இல்லை.

ஆனா டூல் மழுங்கும்போது சத்தம் மாறுமே... அதைக் காதுதான் கத்துக்கணும். வெட்டி விழுற இரும்புச் சுருளோட நிறம் கண்ணுக்குப் பழகணும். மைக்ரோமீட்டரை எவ்வளவு இறுக்கினா 0.01 மில்லிமீட்டர் சரியா வரும்னு விரலுக்குத் தெரியணும். பவர் பிரஸ்ல கை எங்கே இருக்கணும்னு தெரியாம நின்னா விரலே போயிடும். இங்கே சோதிக்கிறது வாத்தியார் இல்லை, மெஷின். அது அரியர் எழுத சான்ஸ் தராது! அதனால ஷாப் ஃப்ளோர் வேலைக்குத் தியரியும் கோடும் ஆன்லைன்ல, கைப்பழக்கம் சூப்பர்வைசர் பக்கத்துல. இந்தக் கூட்டணிதான் ஜெயிக்கும்.

பர்ஸ் ஜாக்கிரதை!

'வேலை கேரன்டி, இ.எம்.ஐ-யில் கட்டலாம்'னு போன் வந்தா உஷார். அந்த இ.எம்.ஐ. பல நேரங்கள்ல உங்க பேர்லயோ அப்பா பேர்லயோ எடுக்கிற கடன். கோர்ஸை நிறுத்தினாலும் கடன் நிக்காது. 'கேரன்டி'க்குக் கீழே பொடி எழுத்துல என்ன நிபந்தனைன்னு படிங்க. அவசரப்படுத்தினா வெச்சிடுங்க.

பெரிய பேருன்னும் அசந்துடாதீங்க. ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் ஆரம்பிச்ச எட்எக்ஸை 2021-ல் 80 கோடி டாலருக்கு வாங்கிய 2யூ நிறுவனம், 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. கோர்செராவும் யுடெமியும் இணையப்போவதா 2025 டிசம்பரில் அறிவிச்சாங்க. கடைகள் மாறும், போர்டு மாறும். நீங்க எழுதின கோடு, போட்ட டிராயிங், எடுத்த நோட்ஸ்... அதை உங்க கையில பத்திரமா வெச்சுக்கோங்க.

சேர்றதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. எந்த வேலைக்காக இதைப் படிக்கிறேன்? வேலையோட பேரை ஒரு வரியில எழுத முடியலைன்னா, சேராதீங்க.

2. கடைசியில யார் சோதிக்கிறாங்க? யாரும் இல்லைன்னா, நீங்களே ஒரு பிராஜெக்ட் செஞ்சு உங்களைச் சோதிச்சுக்கணும்.

3. எந்த மொழியில முதல் தடவையே புரியுது? தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு இங்கிலீஷ் வார்த்தையைப் பழகறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

4. இதே பாடம் இலவசமா எங்கே இருக்கு? ஸ்வயம், ஸ்பிரிங்போர்டு, நான் முதல்வன், பாரத் ஸ்கில்ஸ்... நாலையும் பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் தொடுங்க.

5. நேரம் எங்கே? என்.பி.டி.இ.எல். பன்னிரண்டு வார கோர்ஸ்னா வாரத்துக்கு ரெண்டரை மணி நேர வீடியோ. போக அரை மணி, வர அரை மணி ட்ரெயின்ல உட்கார இடம் கிடைச்சா அஞ்சு நாள்ல அஞ்சு மணி நேரம். வீடியோ போக அசைன்மென்ட்டுக்கும் நேரம் மிச்சம்!

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. பாதியில நிக்கிற கோர்ஸ்களை வரிசையா எழுதி, முதல் கேள்வியைக் கேளுங்க. பதில் இல்லாததையெல்லாம் தயவு தாட்சண்யமில்லாம டெலிட்! ஒண்ணே ஒண்ணு மிஞ்சும். அதை முடிச்சு, அதை வெச்சு ஒரு பொருள் செஞ்சு, ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

அப்புறம் யாராவது "இதை வெச்சு என்னப்பா செஞ்சே?"னு கேட்டா... ஃபைலைத் தேடாதீங்க. செஞ்சதை எடுத்து டேபிள் மேல வெச்சுடுங்க. நச்!